'மருந்து காணப்படவில்லை' என்றால் என்ன பொருள்?
காய்கறியில் எஞ்சும் நஞ்சை அளக்கும் இரசாயன முறைகள்

பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் காலை வேளையில் வாங்கும் ஒரு கட்டு சாவிக் கீரையில் ஓட்டை இல்லை, பழுப்பு இல்லை, புழு அரித்த அடையாளமும் இல்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்ட கீரையைத்தான் தேடிப் பிடித்து வாங்குவார்கள். இன்றோ, புழுவே அண்டாத கீரையைக் கண்டால் இல்லத்தரசிகளுக்கு அச்சம் வருகிறது. எவ்வளவு மருந்து அடித்திருப்பார்களோ என்று சந்தேகம் எழுகிறது.

இந்தச் சந்தேகத்தைக் கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ தீர்த்துக்கொள்ள முடியாது. புழு அரித்த கீரையிலும் மருந்து இருக்கலாம். பளபளக்கும் கீரையில் மருந்தே இல்லாமலும் இருக்கலாம். உண்மையைச் சொல்லக்கூடியது இரசாயனச் சோதனை ஒன்றுதான்.

ஆனால் சோதனையின் முடிவைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. 'மருந்து கண்டுபிடிக்கப்பட்டது' என்ற செய்தியைப் படித்தவுடன் அந்தக் காய்கறியை உண்டால் ஆபத்து என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 'மருந்து காணப்படவில்லை' என்றவுடன் அது முற்றிலும் தூய்மையானது என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். ஒரு சோதனை, தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. இதைப் புரிந்துகொள்ள, ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பற்றிய விழிப்புணர்வில் பினாங்கிற்குத் தனி இடம் உண்டு. பல நாடுகளைச் சேர்ந்த பொது அமைப்புகள் 1982 மே மாதம் பினாங்கில் கூடித்தான் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பு என்ற அனைத்துலக இயக்கத்தைத் தோற்றுவித்தன. அதன் ஆசிய பசிபிக் கிளை இன்றும் பினாங்கிலிருந்தே செயல்படுகிறது. ஆகவே இந்த விஷயம் பினாங்கு வாசகர்களுக்குப் புதியதல்ல.

பத்து லோரிக்கு ஒரு கிராம்

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு கிலோ காய்கறியில் எத்தனை மில்லிகிராம் மருந்து எஞ்சியிருக்கிறது என்பதே இத்துறையின் கணக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஆயிரம் கிலோ காய்கறியில் ஒரே ஒரு கிராம்.

சட்டம் இதைவிடவும் நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறது. மலேசியாவில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் பதினாறாவது அட்டவணை, எந்த உணவில் எந்த மருந்து எவ்வளவு வரை எஞ்சியிருக்கலாம் என்று பட்டியலிடுகிறது. அந்த அட்டவணையிலும் அனைத்துலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ் பட்டியலிலும் இல்லாத மருந்தாக இருந்தால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பு பின்பற்றப்படுகிறது.

0.01 மில்லிகிராம் என்பது எவ்வளவு? பத்து டன் ஏற்றக்கூடிய லோரிகள் பத்து வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திலும் கீரை நிரம்பியிருக்கிறது. அந்த நூறு டன் கீரையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் மருந்து. அதைக் கண்டுபிடித்து, இன்ன மருந்து என்று பெயர் சொல்லி, எவ்வளவு என்று அளந்தும் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தின் வேலை இதுதான்.

இந்த வரம்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்து எச்ச வரம்பு என்பது, அதைத் தாண்டினால் உடனே நோய் வரும் என்ற எல்லைக்கோடு அல்ல. விவசாயி சிட்டையில் எழுதியிருக்கும் அளவில் மருந்தடித்து, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்களும் காத்திருந்தால், இதற்கு மேல் எஞ்சியிருக்காது என்ற கணக்கில் வகுக்கப்படும் அளவு அது. அந்த அளவு உடலுக்குக் கேடில்லை என்பதைத் தனியே சரிபார்த்த பிறகே சட்டத்தில் சேர்க்கிறார்கள். ஆகவே வரம்பு மீறல் என்பது முதலில் தோட்டத்தில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். உடலுக்கு என்ன தீங்கு என்பது, உண்ணும் அளவையும் மருந்தின் கடுமையையும் பொறுத்துத் தனியே கணக்கிட வேண்டிய ஒன்று.

மாதிரியில் தொடங்கும் வேலை

ஒரே பாத்தியில் விளைந்த பத்துக் கோசுகளிலும் மருந்து ஒரே அளவில் இருப்பதில்லை. தெளிப்பான் பக்கத்தில் இருந்த கோசில் அதிகமாகவும், ஓரத்தில் இருந்ததில் குறைவாகவும் இருக்கும். ஒரே ஒரு கோசை எடுத்துச் சோதித்தால் அது அந்த ஒரு கோசின் கதையை மட்டுமே சொல்லும்.

எனவேதான் கோடெக்ஸ் வழிகாட்டி, நடுத்தர அளவுள்ள காய்கனிகளில் குறைந்தது பத்து எண்ணிக்கையும் ஒரு கிலோ எடையும், கோசு போன்ற பெரியவற்றில் குறைந்தது ஐந்து எண்ணிக்கையும் இரண்டு கிலோ எடையும் எடுக்கச் சொல்கிறது. அவை அனைத்தையும் ஒன்றாக நறுக்கி, அரைத்து, கலந்துவிடுகிறார்கள். சில மருந்துகள் அரைக்கும் சூட்டிலேயே சிதைந்துவிடும் என்பதால், உலர்பனிக்கட்டி சேர்த்து உறைய வைத்து அரைப்பதும் உண்டு.

காய்கறியைக் கழுவிவிட்டு எடுத்தார்களா, தோலோடு அரைத்தார்களா என்பதும் முக்கியம். வாழைப்பழத்தைத் தோலோடு அரைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் யாரும் தோலை உண்பதில்லை. அறிக்கையில் உள்ள எண்ணுக்கும் வாய்க்குள் போகும் அளவுக்கும் இங்கேயே ஓர் இடைவெளி வந்துவிடுகிறது.

பத்து கிராம் விழுது, பத்து மில்லிலிட்டர் கரைப்பான்

அடுத்து, அரைத்த விழுதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க வேண்டும். முன்பு இதற்கு நிறைய கரைப்பானும் நிறைய நேரமும் தேவைப்பட்டன. 2003இல் மிக்கேலாஞ்செலோ அனஸ்தாசியாடிஸ், ஸ்டீவன் லெஹோட்டே ஆகிய ஆய்வாளர்களும் அவர்களது குழுவினரும் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். வேகம், எளிமை, மலிவு, பயன், உறுதி, பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோத்து அதற்குக் 'கெச்சர்ஸ்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படுவது இந்த முறையும் அதன் மாற்று வடிவங்களும்தான்.

முறை இதுதான். மூடியுள்ள ஒரு குழாயில் பத்து கிராம் விழுதை இட்டு, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைப் பத்து மில்லிலிட்டர் ஊற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு நான்கு கிராம் மெக்னீசியம் சல்ஃபேட்டும் ஒரு கிராம் சமையல் உப்பும் சேர்த்து மறுபடியும் குலுக்க வேண்டும். உப்புகள் கீரையின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, மருந்தைச் சுமந்த கரைப்பான் தனியே மேலே மிதந்து வரும்.

அதில் மருந்தோடு கீரையின் பச்சையமும் கொழுப்பும் சர்க்கரையும் கலந்திருக்கும். அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் தூள்களைச் சேர்த்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். கீரை வகைகளின் பச்சையத்தை நீக்கக் கரித்தூள் வகை ஒன்றும் பயன்படும். ஆனால் அளவு மீறினால் அது சில மருந்துகளையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். அதனால் அறிக்கையில் எண் குறைந்துவிடும். தூய்மைப்படுத்துவதிலும் ஒரு கைப்பக்குவம் தேவைப்படுகிறது.

பிரித்து, உடைத்து, அடையாளம் காண்பது

தூய்மையான சாறு கிடைத்துவிட்டது. அதில் ஒரு மருந்தும் இருக்கலாம், பத்து மருந்துகளும் இருக்கலாம். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் கருவிதான் குரோமட்டோகிராபி. எளிதில் ஆவியாகும் மருந்துகளுக்கு வாயு வகையும், ஆவியாகாதவற்றுக்குத் திரவ வகையும் உண்டு. சாறு ஒரு மெல்லிய நீண்ட குழாய்க்குள் செலுத்தப்படும். ஒவ்வொரு மருந்தும் தன் இயல்புக்கு ஏற்ப வேகமாகவோ மெதுவாகவோ நகர்ந்து, தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் மாணவர்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதைப் போன்றது இது.

மறுமுனையில் இருக்கும் உணரி வந்தவரை எண்ணுகிறது. பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணரி இத்துறையையே மாற்றியது. டிடிடி போன்ற குளோரின் கலந்த மருந்துகளை, அதுவரை யாரும் எட்டாத நுண்ணிய அளவிலும் அது காட்டிக் கொடுத்தது. டிடிடி உலகின் மூலை முடுக்கெல்லாம் பரவியிருப்பது அதன் பிறகே தெளிவாகத் தெரியவந்தது.

ஆனால் அந்த உணரிக்கு ஒரு குறை உண்டு. ஏதோ ஒன்று வந்தது என்று அது சொல்லும். வந்தவர் யார் என்று உறுதியாகச் சொல்லாது. 1960களில் ஸ்வீடன் ஆய்வாளர் சோரன் ஜென்சன் டிடிடியை அளந்துகொண்டிருந்தபோது, அடையாளம் தெரியாத சில உச்சங்கள் கருவியில் மீண்டும் மீண்டும் தோன்றின. அவை பூச்சி மருந்தே அல்ல, மின்சாதனங்களில் பயன்பட்ட பிசிபி என்ற வேறொரு இரசாயனம் என்பதை அவர் 1966இல் வெளிப்படுத்தினார். அவர் அதைத் துருவிப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை அறிக்கைகளில் பிசிபியையும் டிடிடி கணக்கில் சேர்த்து எழுதியிருப்பார்களோ!

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நிறைமாலைமானி எனப்படும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அது மருந்தின் மூலக்கூறை உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைப் பார்க்கிறது. ஒவ்வொரு மருந்தும் தனக்கே உரிய துண்டுகளாக உடையும். அது மருந்தின் கைரேகை. வந்து சேர்ந்த நேரமும் பொருந்த வேண்டும், குறைந்தது இரண்டு துண்டுகளும் பொருந்த வேண்டும், அந்தத் துண்டுகளுக்கு இடையிலான விகிதமும் பொருந்த வேண்டும். அதன் பிறகே இன்ன மருந்து என்று எழுதுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடவும் இன்றைய கருவிகளால் முடிகிறது.

நிறம் மாறும் விரைவுச் சோதனை

இக்கருவிகளின் விலை அதிகம், முடிவு தெரியவும் நேரமாகும். கீரையோ ஒரே நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். அதனால் சில நிமிடங்களில் பதில் தரும் விரைவுச் சோதனைகள் தோன்றின. தைவான் வேளாண் ஆய்வுக் கழகம் ஈயின் தலையிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு 1980களில் ஒரு முறையைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தது. அதைப் போன்ற முறைகள் பின்னர் ஆசிய நாடுகள் பலவற்றிலும் பரவின.

இதன் தத்துவம் எளிது. நரம்புகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாற உதவும் நொதியின் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ். கரிமப் பாஸ்பரஸ் வகை மருந்துகளும் கார்பமேட் வகை மருந்துகளும் இந்த நொதியை முடக்கித்தான் பூச்சியைக் கொல்கின்றன. மனிதரைத் தாக்குவதும் அதே வழியில்தான். சோதனைக் குழாயில் நொதி நலமாக இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். கீரைச் சாற்றைச் சேர்த்த பிறகு மஞ்சள் தோன்றாவிட்டால், நொதியை முடக்கும் ஏதோ ஒன்று கீரையில் இருக்கிறது என்று பொருள். இந்த மஞ்சள் நிற முறையை எல்மன் குழுவினர் 1961இல் வெளியிட்டார்கள்.

நல்ல முறைதான். ஆனால் இதனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: 'நொதியை முடக்கும் மருந்து இருக்கிறதா?' பைரித்ராய்டு வகை மருந்துகள் நொதியை முடக்குவதில்லை. பூஞ்சைக்கொல்லிகளில் பெரும்பாலானவையும் களைக்கொல்லிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். அவை எவ்வளவு இருந்தாலும் குழாய் மஞ்சளாகவே இருக்கும். 'காணப்படவில்லை' என்றே முடிவு வரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குளோர்பைரிஃபொஸ் கரிமப் பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது உடலுக்குள் போய் மாற்றம் அடைந்த பிறகே நொதியைக் கடுமையாக முடக்கும். குழாயில் அந்த மாற்றம் தானாக நடக்காது. புரோமின் நீர் போன்ற ஒன்றைச் சேர்த்து முதலில் மாற்ற வேண்டும். அந்தப் படியைத் தவறவிட்டால், குளோர்பைரிஃபொஸ் இருக்கும் கீரையும் சோதனையில் தேறிவிடக்கூடும். மலேசியா 2023 மே 1 முதல் இந்த மருந்தையும் கார்போஃபியூரானையும் விவசாயத்தில் தடை செய்திருக்கிறது. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் குளோர்பைரிஃபொஸை, சில விதிவிலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய இரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தது. தடை செய்தால் மட்டும் போதாது. தடையை மீறுவோரைப் பிடிக்கச் சரியான சோதனையும் வேண்டும்.

வலையில் சிக்காத மருந்துகள்

விலையுயர்ந்த பெரிய கருவி இருந்தால் எல்லா மருந்தும் சிக்கிவிடுமா? அதுவும் இல்லை. மலேசியத் தமிழர்கள் நன்கறிந்த பாராகுவாட்டே இதற்குச் சான்று.

ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் களையைக் கருக்கப் பல்லாண்டுகள் பயன்பட்ட மருந்து பாராகுவாட். முதுகில் தோம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் தோட்டப்புறப் பெண்கள். அவர்களின் நிலையைப் பற்றித் தெனாகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவிக்கப்பட்டது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

பாராகுவாட் மின்னேற்றம் கொண்ட உப்பு. அது நீரோடு ஒட்டிக்கொள்ளும், கரைப்பானுக்குள் வராது. ஆகவே கெச்சர்ஸ் முறையில் அது கீழே நீரிலேயே தங்கிவிடும். சாறு கருவிக்குள் போகும்போது அதில் பாராகுவாட் இருக்காது. நானூறு மருந்துகளைத் தேடும் கருவியும் அதைக் காணாது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியும் இதே போலத்தான் நழுவும். இவற்றுக்கென்று தனிப் பிரிப்பு முறைகள் உண்டு. அவற்றைத் தனியே கேட்டால்தான் செய்வார்கள்.

நொதிச் சோதனையும் பாராகுவாட்டைக் காட்டாது. மருந்து தெளிக்கும் ஒரு தொழிலாளியின் இரத்தத்தில் நொதியின் அளவு சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால், கரிமப் பாஸ்பரஸ் வகை அவரை அப்போது பாதிக்கவில்லை என்றுதான் பொருள். பாராகுவாட் அவர் உடலில் புகவில்லை என்று பொருள் அல்ல. அதற்கு வேறு சோதனை உண்டு. சிறுநீரைக் காரமாக்கிச் சோடியம் டைதயோனைட் என்ற உப்பைச் சேர்த்தால், பாராகுவாட் இருக்கும் பட்சத்தில் நீல நிறம் தோன்றும். பாராகுவாட் அருந்தியவர்களை அடையாளம் காண மருத்துவமனைகளில் இந்த எளிய சோதனையே பயன்படுகிறது.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் எந்தக் கரைப்பானிலும் எளிதில் கரைவதில்லை. அவற்றை அமிலத்தோடு கொதிக்க வைத்து, வெளிவரும் கார்பன் டைசல்ஃபைடு வாயுவை அளக்கிறார்கள். கோசு, சாவி, காய்லான் முதலிய கடுகுக் குடும்பத்துக் காய்கறிகளும் பூண்டு, வெங்காயமும் மருந்தே படாமல் கொதித்தாலும் அதே வாயுவைச் சிறிதளவு விடும். விவரம் தெரியாத ஒருவர் கையில் இந்த எண் கிடைத்தால், மருந்தே அடிக்காத விவசாயி குற்றவாளி ஆகிவிடுவார்.

ஒரே ஊர், மூன்று அறிக்கைகள்

சோதனை முடிவு மனித வாழ்வோடு எப்படி விளையாடும் என்பதைக் கேரளாவின் காசர்கோடு மாவட்டம் காட்டியது. அங்கே முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் மருந்தை ஹெலிகாப்டரில் இருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000ஆம் ஆண்டு வரை தெளித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் மிகுந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள்.

டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2001இல் அங்கு மாதிரிகளை எடுத்துச் சோதித்து, மனித இரத்தத்திலும் நீரிலும் மண்ணிலும் எண்டோசல்பான் இருப்பதாக அறிவித்தது. தோட்ட நிறுவனத்தின் ஏற்பாட்டில் சோதனை செய்த தமிழ்நாட்டுப் படப்பையில் உள்ள ஃபிரெட்ரிக் கழகம், மனித இரத்த மாதிரிகளில் அது காணப்படவில்லை என்றது. பிறகு அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதாரக் கழகம் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து, எண்டோசல்பான் இருப்பதாக 2002இல் அறிக்கை தந்தது.

ஒரே வட்டாரம், ஒரே மருந்து, வெவ்வேறு பதில். இத்தகைய முரண்பாட்டில் எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. மாதிரி தெளிப்புக்குப் பின் எத்தனை நாள் கழித்து எடுக்கப்பட்டது? எவ்வளவு கீழே அளக்கக்கூடிய கருவி? எண்டோசல்பான் ஆல்பா, பீட்டா என்ற இரு வடிவங்களில் தெளிக்கப்படுகிறது. பிறகு எண்டோசல்பான் சல்ஃபேட் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. மூன்றையும் கூட்டிச் சொல்வதே முறை. மூன்றும் அளக்கப்பட்டனவா? இக்கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே அறிக்கைகளை எடைபோட முடியும்.

2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. தெளிப்பு நின்று பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகே அந்த உத்தரவு வந்தது.

அதே டில்லி மையம் 2003 ஆகஸ்டில் 12 வகைக் குளிர்பானங்களில் மருந்து எச்சம் இருப்பதாக அறிவித்தபோதும் பெரும் சர்ச்சை எழுந்தது. மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு ஆய்வுக்கூடங்கள் மறுசோதனை செய்தன. அவை கண்ட அளவுகள் வேறாக இருந்தன. ஆனால் எச்சம் இருந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு 2004இல் மையத்தின் கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது ஆய்வுக்கூடத்தின் மறுசோதனைக்கு இருக்கும் மதிப்பு இதனால் விளங்கும்.

நம்பத்தகுந்த எண் எது?

நல்ல ஆய்வுக்கூடம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மருந்தே இல்லாத கீரையில் தெரிந்த அளவு மருந்தை வேண்டுமென்றே சேர்த்து, அதே முறையில் அளந்து பார்ப்பார்கள். நூறு பங்கு சேர்த்தால் 70 முதல் 120 பங்கு வரை திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு. நாற்பதுதான் கிடைக்கிறது என்றால் அந்த முறை அந்தக் கீரைக்கு உதவாது. மருந்து சேர்க்காத வெற்று மாதிரியையும் கூடவே ஓட்டுவார்கள். அதிலும் மருந்து தெரிந்தால் கருவியோ கண்ணாடிக் குழாயோ அழுக்கு என்று அர்த்தம்.

எந்த அளவுக்கும் ஒரு தளர்வு உண்டு. ஐரோப்பிய நடைமுறையில் மருந்து எச்ச அளவுக்கு ஐம்பது விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் கொடுக்கிறார்கள். 0.012 என்று வந்தால் உண்மை அளவு 0.006 முதல் 0.018 வரை எங்கும் இருக்கலாம். வரம்பு 0.01 என்றால், அந்த ஓர் எண்ணைக் கொண்டு விவசாயியைத் தண்டித்துவிட முடியாது.

இப்போது 'காணப்படவில்லை' என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு கோசில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று கொள்வோம். 0.1 வரை மட்டுமே அளக்கக்கூடிய ஆய்வுக்கூடம் 'காணப்படவில்லை' என்று எழுதும். 0.01 வரை அளக்கும் ஆய்வுக்கூடம் அதே கோசில் பொது வரம்பைவிட ஐந்து மடங்கு இருப்பதாக எழுதும். இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் வேறு.

பயனீட்டாளர் கேட்க வேண்டியவை

கடையிலோ விளம்பரத்திலோ செய்தியிலோ 'சோதிக்கப்பட்டது' என்ற சொல்லைக் கண்டால் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள்? எவ்வளவு கீழே வரை அளந்தார்கள்? பாராகுவாட், கிளைஃபோசேட், மான்கோசெப் போன்றவற்றுக்குத் தனிச் சோதனை நடந்ததா? அந்தச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 17025 தரச் சான்று பெற்ற ஆய்வுக்கூடமா? மலேசியாவில் இந்த அங்கீகாரத்தைத் தரநிலை இலாகா வழங்குகிறது. அங்கீகாரம் ஆய்வுக்கூடத்தின் கட்டடத்துக்கு அல்ல, அங்கே நடக்கும் குறிப்பிட்ட சோதனைகளுக்கே தரப்படுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வீட்டில் என்ன செய்யலாம்? ஓடும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவது நல்ல பலன் தரும். அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 12 மருந்துகளில் 9 மருந்துகளின் எச்சம் வெறும் குழாய் நீரில் அலசியதாலேயே குறைந்தது. 2017இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளைச் சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்தபோது, அவர்கள் பூசிய இரு மருந்துகளும் மேற்பரப்பிலிருந்து பெரும்பாலும் நீங்கின. ஆனால் தோலுக்குள் ஊடுருவிய பகுதி போகவில்லை. கழுவினால் குறையும், முற்றாக நீங்காது என்பதே இதன் சாரம்.

உள்ளே ஊடுருவிய மருந்தைக் குழாய் நீரால் எடுக்க முடியாது. அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்களை விவசாயி கடைப்பிடிப்பதும், அதைக் கண்காணிக்க அதிகாரிகள் முறையாக மாதிரி எடுப்பதுமே அதற்கு வழி. சோதனை முடிவுகளை வெளியிடும்போது 'பாதுகாப்பானது' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், தேடிய மருந்துகளின் பட்டியலையும் அளந்த எல்லையையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று பயனீட்டாளர்கள் கேட்க வேண்டும். அவை இல்லாத 'காணப்படவில்லை' எதைத் தேடிக் காணவில்லை என்பதைச் சொல்வதில்லை.